போரின் காரணமும் நினைவும்

பண்டைப் பேரரசர் பலர், பிறர் நாட்டைக் கவர்ந்ததனைத் தம் புகழாகவே கல்லில் பொறித்து வைத்தனர். இக்கால அரசுகட்கு அஃது இயல்வதன்று. படையில் சேர்பவனும், வரி செலுத்துபவனும், மகனைப் போர்முனைக்கு அனுப்பும் தாயும் குடிமக்களே ஆதலின், அவர்தம் உள்ளம் ஒப்பும் வண்ணம் ஒரு காரணம் கூறியே தீரவேண்டும். அக்காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 'நாம் போரை விரும்பவில்லை. பகைவரே நம்மை வலிந்து இழுத்தனர்' என்பதே அது. போர் ஓய்ந்த பின்னர், மாண்டவர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பும்போதும் அச்சொல்லே வேறோர் உருவில் வந்து நிற்பதுண்டு.

1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போர் இதனைத் தெளிவுறக் காட்டும். அப்போரில் கலந்துகொண்ட அரசுகளின் மறைவுத் தாள்கள் பெரும்பாலும் இன்று வெளிவந்துவிட்டன. ஆகவே, ஒவ்வோர் அரசும் வெளியே முழங்கியதனையும் உள்ளே எழுதிக்கொண்டதனையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குதல் இயலும்.

1914 ஜூன் 28-ஆம் நாள், ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்திற்குரிய இளவரசர் பிரான்சு பெர்டினாந்தும் அவர் மனைவியாரும் போஸ்னியாவிலுள்ள சரயேவோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் 19 வயது இளைஞன். போஸ்னியாவை 1908-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா தன்னொடு சேர்த்துக்கொண்டதனைப் பொறாத கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். அக்கூட்டத்திற்கு அண்டை நாடாகிய செர்பியாவிலிருந்து படைக்கலம் கிடைத்திருந்தது. எனவே, ஆஸ்திரியா ஜூலை 23-ஆம் நாள் செர்பியாவிற்கு ஓர் இறுதி எச்சரிக்கை விடுத்து, விடையிறுக்க 48 மணி நேரமே கொடுத்தது. செர்பியா அதன் கோரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை ஏற்றது. ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் வந்து கொலை பற்றி உசாவுதலை மட்டும் ஏற்க மறுத்தது.

அவ்விடையைப் படித்த ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம், 'இனிப் போருக்குக் காரணமே இல்லை' என்னும் கருத்துப்பட அதன் ஓரத்தில் எழுதினார். அவர் அவ்வாறு எழுதியது ஜூலை 28-ஆம் நாள் காலை. அதே நாளில் ஆஸ்திரியா செர்பியாவின்மேல் போர் தொடுத்தது. 'நடப்பது நடக்கட்டும், நாம் துணை நிற்போம்' என்று அதற்கு மூன்று வாரங்கட்கு முன்னர் ஆஸ்திரியாவிற்கு உறுதி கொடுத்தவரும் அவ்வில்ஹெல்மே ஆவர். கொடுத்த உறுதி விரைந்து ஓடிற்று. வந்த தெளிவு பின்தங்கிற்று. முதுமையுற்ற ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சு யோசப் தம் மக்களுக்கு விடுத்த அறிக்கையில், அமைதியையே தாம் வேண்டியதாகவும், பகைவரின் சூழ்ச்சியே தம்மை வாளேந்தச் செய்ததாகவும் கூறினார்.

பின்னர் ஒரே வாரத்தில் ஐரோப்பா முழுவதும் தீப்பற்றிற்று. சிலாவிய இனத்தவராகிய செர்பியரைக் காத்தல் தன் கடமை என்று கூறி ருசியா படை திரட்டிற்று. ருசியா படை திரட்டியதனால் தற்காப்புக்காகவே எழுகின்றோம் என்று கூறி, ஆகஸ்டு 1-ஆம் நாள் ஜெர்மனி ருசியாவின்மேல் போர் தொடுத்தது. ஆகஸ்டு 3-ஆம் நாள் பிரான்சின்மேல் தொடுத்தபோது, பிரெஞ்சு விமானங்கள் நியூரன்பர்க்கு அருகிலுள்ள இருப்புப் பாதையின்மேல் குண்டு வீசின என்பதனை ஒரு காரணமாகக் காட்டிற்று. அத்தகைய குண்டுவீச்சு நிகழவே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது.

பெல்ஜியத்திற்கு நேர்ந்தது இதனினும் வியப்புக்குரியது. அச்சிறு நாடு எந்தப் போரிலும் எப்பக்கமும் சேராது நடுநிலை காக்கும் என்றும், அந்நடுநிலையைப் பேரரசுகள் மதிக்கும் என்றும் 1839-ஆம் ஆண்டில் இலண்டனில் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டிருந்தது. அதில் கையொப்பமிட்டவற்றுள் பிரஷ்யாவும் ஒன்று. ஆனால் ஜெர்மானியப் படைத்தலைவர்களோ, பெல்ஜியத்தின் வழியாகப் பாய்ந்தே பிரான்சை விரைவில் வெல்லுதல் கூடும் என்று பல்லாண்டுகட்கு முன்னரே திட்டம் வகுத்திருந்தனர். ஆகஸ்டு 2-ஆம் நாள் மாலை, பிரஸ்ஸெல்ஸ் நகரிலிருந்த ஜெர்மானியத் தூதுவர் பெல்ஜிய அமைச்சரிடம் ஓர் ஓலையைக் கொடுத்தார். பிரெஞ்சுப் படை பெல்ஜியத்தின் வழியாக ஜெர்மனியைத் தாக்க வருவதாக நம்பத்தகுந்த செய்தி கிடைத்திருப்பதால், தற்காப்பின்பொருட்டு ஜெர்மானியப் படை அந்நாட்டினுள் நுழைய வேண்டியுள்ளது என்று அவ்வோலை கூறிற்று. அதனைப் படைத்தலைவர் மோல்ட்கே எழுதி முடித்த நாள் எது? ஜூலை 26. போர் எங்கும் தொடங்காமுன்னரே, செர்பியாவின்மேல் ஒரு குண்டும் விழாமுன்னரே, 'பகைவர் வருகின்றனர் என்று நம்பத்தகுந்த செய்தி' எழுதப்பட்டு, உறையிலிட்டு, அரக்கு முத்திரையுடன் காத்திருந்தது.

ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் இவ்வகையில் ஏனையோரினும் சிறிது வேறுபட்டவர் என்றே கொள்ளல்வேண்டும். ஆகஸ்டு 4-ஆம் நாள் நாட்டின் பேரவையில் அவர் பேசியபோது, பெல்ஜியத்தினுள் நுழைதல் நாடுகளின் பொதுச் சட்டத்திற்கு மாறானதே என்று ஒப்புக்கொண்டார்; தாம் இழைக்கும் தீங்கிற்குப் போர் முடிந்தபின் ஈடு செய்வதாகவும் கூறினார். தவற்றைத் தவறென்றே சொல்லிக்கொண்டு செய்த அரசியலார் வரலாற்றில் மிகச் சிலரே. பேரவை அப்பேச்சைக் கைதட்டி வரவேற்றது. அதற்குச் சில நாள் முன்னர்த் தெருத்தெருவாகப் போரை எதிர்த்து ஊர்வலம் நடத்திய சமூக மக்களாட்சிக் கட்சியினரும், ருசியப் பேரரசின் கொடுங்கோன்மையினின்று நாட்டைக் காத்தல் வேண்டும் என்று கூறிப் போர்ச்செலவுக்கு வாக்களித்தனர்.

அன்றிரவே இங்கிலாந்து ஜெர்மனியின்மேல் போர் தொடுத்தது. பெல்ஜியத்திற்குக் கொடுத்த வாக்கினைக் காத்தலே அதற்குக் காரணம் என ஆங்கிலேயர் உலகிற்கு அறிவித்தனர். இது பொய்யன்று. பெல்ஜியம் தாக்குண்டது, உடன்படிக்கை மீறப்பட்டது, அந்நாட்டில் குடிமக்கள் ஆயிரக்கணக்கானோர் ஜெர்மானியப் படையினரால் கொல்லப்பட்டனர், லூவேன் நகரின் பழம்பெரும் நூலகம் எரியுண்டது. எனினும் முழு உண்மையும் அதுவன்று. வெளிநாட்டு அமைச்சர் சர் எட்வர்டு கிரே, அதற்கு முதல்நாள் நாடாளுமன்றத்தில் பேசியபோது, வாக்குறுதியை மட்டுமன்றி, பிரான்சு வீழ்ந்து ஐரோப்பாவின் மேற்குக் கரை முழுவதும் ஒரே வல்லரசின் கைப்படுமாயின் இங்கிலாந்தின் நலனுக்கு நேரும் கேட்டினையும் எடுத்துரைத்தார். அமைச்சரவையில் மார்லியும் பர்ன்ஸும் போரை ஏலாது பதவி விலகினர். ஆயினும், ஊர்தோறும் சுவர்களில் ஒட்டப்பெற்ற விளம்பரத் தாள்களில் பெல்ஜியத்தின் துயரமே இடம்பெற்றது. உண்மையான காரணம் ஒன்றை முன்னே நிறுத்தி, அதனோடொத்த உண்மையான பிறிதொன்றைப் பின்னே மறைத்தலும் காரணங் கூறும் முறைகளுள் ஒன்றேயாம். பொய்யினும் இதனைக் கண்டறிதல் அரிது.

இனி, அரசுகள் நூல் வெளியிட்ட கதையைக் காண்போம். போர் தொடங்கிய ஆகஸ்டு மாதம் முதலாகவே ஒவ்வோர் அரசும் தன் பக்க நியாயத்தை நிறுவும்பொருட்டுத் தூதுவர்களின் தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்து அச்சிட்டது. ஜெர்மனியின் நூல் வெள்ளை நூல், இங்கிலாந்தினது நீல நூல், ருசியாவினது செம்மஞ்சள் நூல், பெல்ஜியத்தினது சாம்பல் நூல், பிரான்சினது மஞ்சள் நூல், ஆஸ்திரியாவினது செந்நூல். அட்டையின் நிறத்தால் இவை அப்பெயர் பெற்றன. நிறம் வேறாயினும் முடிவு ஒன்றே. தொகுத்தவர் குற்றமற்றவர், எதிரியே குற்றவாளி.

எதனைச் சேர்த்தனர் என்பதனினும் எதனை விடுத்தனர் என்பதே இந்நூல்களில் கருதத்தக்கது. சிக்கலை ஹேக் நகரத்து நடுவர் மன்றத்தின்முன் வைக்கலாம் என்று ருசியப் பேரரசர் ஜூலை 29-ஆம் நாள் ஜெர்மானியப் பேரரசருக்குத் தந்தி அனுப்பினார். அத்தந்தி வெள்ளை நூலில் காணப்படவில்லை. பிரான்சும் குறைந்ததன்று. ருசியா தன் படை முழுவதையும் திரட்ட ஆணையிட்டுவிட்டது என்று பிரெஞ்சுத் தூதுவர் அனுப்பிய சிறு தந்தி, ஆஸ்திரியா முந்திக்கொண்டதனாலேயே ருசியா அவ்வாறு செய்தது என்னும் பொருள் தோன்ற விரிக்கப்பட்டு மஞ்சள் நூலில் இடம்பெற்றது. உண்மையில், ருசியாவின் ஆணையே முதலில் பிறந்தது. இந்நூல்களைப் படித்த பொதுமக்கள், மெய்யான ஆவணங்களையே கண்ணால் கண்டோம் என்று நம்பினர்.

கற்றோரும் இதில் பின்னிற்கவில்லை. ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர் அறுவர் தம் நாட்டின் நியாயத்தை விளக்கி நூல் எழுதினர். ஜெர்மனியில் அறிஞரும் கலைஞருமாகிய 93 பேர் 1914 அக்டோபரில் அறிக்கையொன்று வெளியிட்டு, பெல்ஜியத்தின் நடுநிலையைத் தம் நாடு மீறியது என்பதே பொய் என்றனர். தம் தலைமை அமைச்சரே பேரவையில் ஒப்புக்கொண்டதனை இவர்கள் மறுத்தது விந்தையே. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரோண்ட்கனும் இயற்பியலறிஞர் பிளாங்கும் கையொப்பமிட்டோருள் அடங்குவர். ஐன்ஸ்டைன் அதில் சேரவில்லை; அதற்கு மறுப்பாக எழுதப்பட்ட வேறோர் அறிக்கையில் கையொப்பமிட்டார். அம்மறுப்பிற்கு மிகச் சிலரே உடன்பட்டனர்.

எந்தக் காரணமும் கேட்கப்பெறாமலே போரில் இழுக்கப்பட்டோரும் உளர். இந்திய மக்களின் கருத்தை எவரும் உசாவவில்லை. இங்கிலாந்து போர் தொடுத்ததனால் இந்தியாவும் போரில் சேர்ந்ததாயிற்று. இந்நாட்டினின்று 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். அவருள் 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை அணுகிக் குண்டு வீசித் துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டு மறைந்தது. மக்கள் பலர் அஞ்சி நகரை விட்டு ஓடினர். ஆஸ்திரியா யாது, செர்பியா யாது என்று அறியாதவரும் எம்டனை அறிந்தனர். வல்லாளனும் சூழ்ச்சிக்காரனுமாகிய ஒருவனைச் சுட்டி, 'அவன் சரியான எம்டன்' என்று தமிழர் பின்னும் நெடுங்காலம் வழங்கி வந்தனர். அரசுகள் எழுப்பிய நினைவுச் சின்னங்களைப் போலவே, இப்பேச்சு வழக்கும் அப்போரின் ஒரு நினைவேயாம்.

1918 நவம்பர் 11-ஆம் நாள் போர் ஓய்ந்தது. 1919 ஜூன் 28-ஆம் நாள், சரயேவோக் கொலை நிகழ்ந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த அன்று, வெர்சேல்ஸ் அரண்மனையில் ஜெர்மனியிடம் கையொப்பம் பெற்றனர். அவ்வுடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரினால் விளைந்த இழப்புக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் துணைநாடுகளுமே பொறுப்பு எனக் கூறிற்று. இழப்பீடு பெறுதற்கு அடிப்படையாகவே சட்ட அறிஞர் அதனை வரைந்தனர். ஜெர்மானியரோ அதனைத் தம் இனத்தின்மேல் சூட்டிய பழியாகக் கொண்டனர். அப்பழியைத் துடைப்பதற்கென்றே அந்நாட்டு வெளியுறவுத் துறையில் தனிப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. 1922 முதல் 1927 வரை 40 தொகுதிகளாக ஆவணங்கள் அச்சிடப்பட்டன. இங்கிலாந்தும் பிரான்சும் தம் தொகுதிகளை வெளியிட்டன. போர்க்களத்தில் ஓய்ந்த போர் புத்தகசாலையில் தொடர்ந்தது எனலாம்.

ஊர்தோறும் நினைவுச் சின்னங்கள் எழுந்ததும் இக்காலத்தேயாம். பெல்ஜியத்தில் ஈப்ர நகரிலுள்ள மெனின் வாயில் 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதன் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியர் பெயர்களும் உண்டு. அங்கு நாள்தோறும் இரவு 8 மணிக்கு இறுதி மரியாதைக்குரிய எக்காளம் ஊதப்படுகின்றது. 1928-இல் தொடங்கிய இவ்வழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவ்வூரில் நின்றிருந்தது. செல்வர் மகனுக்கும் ஏழை மகனுக்கும், தளபதிக்கும் காலாளுக்கும் ஒரே அளவான கல்லை நட்டமை ஆங்கிலேயர் செய்த நற்செயலாகும். முற்காலத்தில் தளபதியின் பெயரே கல்லில் நிற்கும், காலாள் குழியில் மறைவான். ஆயினும், இத்துணைப் பெயர்களையும் தாங்கும் சுவரின்முன் நிற்பவன், இவர்கள் ஏன் மாண்டனர் என்று வினவின் அவனுக்கு அங்கு விடை கிடைப்பதன்று. துயரம் அனைவர்க்கும் பொதுவாக இருத்தற்பொருட்டுக் காரணம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

எல்லா நினைவுச் சின்னங்களும் இவ்வாறு அமைதி காத்தவை அல்ல. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் ருசியப் படையொன்றை வளைத்து அழித்தனர். அப்போர் நிகழ்ந்த இடம் ஆலன்ஸ்டைன் நகரைச் சூழ்ந்த பகுதி. ஆனால் அதற்கு அவர்கள் இட்ட பெயரோ 'டானன்பர்க் போர்' என்பது. 1410-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வீரத்துறவியர் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் தோற்ற களத்தின் பெயர் அது. 500 ஆண்டுப் பழந்தோல்வியைக் கழுவிவிட்டோம் என்று காட்டவே பெயரை மாற்றினர். அங்கு 1927-இல் கோட்டை போன்றதொரு பெருஞ்சின்னம் திறக்கப்பெற்றபோது, அப்போரில் தலைமை தாங்கியவரும் அந்நாளில் நாட்டின் தலைவருமாகிய ஹிண்டன்பர்க், போருக்கு ஜெர்மனி பொறுப்பன்று என்று வெளிப்படையாக முழங்கினார். ஆங்கு இறந்தோரை நினைத்தலும் பழியை மறுத்தலும் ஒரே சடங்காயின.

பிரான்சிலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. 1918-இல் போர்நிறுத்தம் கையொப்பமானது கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு புகைவண்டிப் பெட்டியில். அவ்விடத்தில் பிரெஞ்சுக்காரர் ஜெர்மானியப் பேரரசின் செருக்கைக் கடிந்துரைக்கும் கல்வெட்டு ஒன்றை நாட்டினர். 1940-இல் பிரான்சை வென்ற ஹிட்லர், அதே பெட்டியைக் காட்சிச்சாலையினின்று வெளிக்கொணர்ந்து, பழைய இடத்திலேயே நிறுத்தி, ஜூன் 22-ஆம் நாள் பிரெஞ்சுக்காரரை அதற்குள் அமர்த்திக் கையொப்பம் வாங்கினான். கல்வெட்டைப் பெயர்த்தனர், பெட்டியைப் பெர்லினுக்கு இழுத்துச் சென்றனர். முதற்போரின் நினைவே இரண்டாம் போரின் பழிவாங்கலுக்கு மேடையாயிற்று. 1945-இல் அப்பெட்டி எரிந்தழிந்தது. இன்று அங்குள்ளது அதனை ஒத்த வேறொன்று.

இவற்றுக்கிடையே, பெல்ஜியத்தில் விலாட்ஸ்லோ என்னும் ஊரிலுள்ள ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தைக் காண்போர் இரண்டு கற்சிலைகளின்முன் தயங்கி நிற்பர். ஒரு தந்தையும் ஒரு தாயும் தனித்தனியே மண்டியிட்டிருக்கின்றனர். தந்தை நிமிர்ந்து, கைகளால் தம்மையே இறுகப் பற்றியுள்ளார், தாய் குனிந்திருக்கின்றார். இவற்றை ஆக்கியவர் கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞர். அவர் மகன் பீட்டர், 1914-இல் தன் 18-ஆம் வயதில் படையில் சேர விரும்பினான். பெற்றோர் இசைவு இன்றியமையாதது. தந்தை மறுத்தார், மகனுக்காகப் பரிந்து கணவரை இசைவித்தவர் தாயே. அவ்வக்டோபரிலேயே மகன் பெல்ஜியத்தில் மாண்டான். அவனுக்கொரு நினைவுக்கல் செய்ய எண்ணிய தாய், பலமுறை தொடங்கியும் நிறுத்தியும், 1932-இல்தான் அதனை முடித்தார். முதலில் அவர் வடிக்க எண்ணியது வீழ்ந்த மகனின் உருவம். முடிவில் வடித்தது அவனை அனுப்பிய இருவரின் உருவம். அவர்தம் முகங்களில் பகைவர்மேற் சினம் இல்லை. நாட்டின் பெருமிதமும் இல்லை.

அரசு கூறும் காரணத்தை அந்நாட்டாரே ஆராய்ந்து வினவுதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1961-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் பிரிட்ஸ் பிஷர், போர் மூண்டதில் ஜெர்மனிக்கே பெரும் பொறுப்பு உண்டு என்று ஆவணங்களைக்கொண்டு எழுதினார். அவர் எடுத்துக்காட்டியவற்றுள், 1914 செப்டம்பர் 9-ஆம் நாளிட்டதும் தலைமை அமைச்சருக்காகத் தீட்டப்பெற்றதுமாகிய திட்டம் ஒன்று உண்டு. அதன்படி, பெல்ஜியம் ஜெர்மனிக்கு அடங்கிய நாடாக வேண்டும். பிரான்சின் இரும்புக் கனிநிலம் ஜெர்மனிக்கு வரவேண்டும். பேரவையில் 'ஈடு செய்வோம்' என்ற வாக்குறுதி பிறந்து அன்றைக்கு 36 நாட்களே ஆகியிருந்தன. பிஷருக்கு எதிராகக் கடுஞ்சொற்கள் எழுந்தன; 1964-இல் அமெரிக்காவில் அவர் சொற்பொழிவாற்றுதற்கு அளித்திருந்த அரசுப் பொருளுதவியும் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய முடிவுகளுட் சிலவற்றைப் பின்வந்த அறிஞர் மறுத்துள்ளனர்; பொறுப்பு பல நாடுகட்கும் உண்டு என்று இன்றும் வழக்குரைப்போர் பலர். ஆனால் அவ்வழக்கு இன்று ஒரு நாட்டார்க்கும் மற்றொரு நாட்டார்க்கும் இடையே நிகழ்வதன்று. ஒவ்வொரு நாட்டின் உள்ளேயும் நிகழ்வது.

2003-ஆம் ஆண்டில் பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாட்டு மாணவர்களும் பெர்லினில் ஓர் இளைஞர் மன்றமாகக் கூடினர். இரு நாட்டுப் பள்ளிகட்கும் பொதுவானதொரு வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அரசுகள் அதனை ஏற்றன. இரு நாட்டு ஆசிரியர்களும் ஒருங்கிருந்து எழுதிய முதல் தொகுதி 2006-இல் வெளிவந்தது. அஃது 1945-க்குப் பிற்பட்ட காலத்தைப் பற்றியது. 1914-ஆம் ஆண்டுப் போரை உள்ளடக்கிய தொகுதி 2008-இல் வெளிவந்தது. பிரெஞ்சு மொழியில் ஒரு பதிப்பும் ஜெர்மானிய மொழியில் ஒரு பதிப்புமாக அச்சிடப்பெற்ற அந்நூலில், மொழி ஒன்றைத் தவிரப் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.